கடலடியில் கண்ட பொருளும் கச்சேரி அலைச்சலும்

எனக்குத் தெரிந்த போட்காரர் ஒருவர் இரண்டு நாளாக ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தார். சுழியோட வந்த ஒருவரைக் கடலுக்குக் கூட்டிப்போனதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. வந்தவர் மேலே ஏறும்போது வலைப்பைக்குள், மூழ்கிக் கிடக்கும் கப்பலில் இருந்து கழற்றிய, பச்சை பிடித்த பித்தளை வால்வு ஒன்று இருந்தது. கரையில் யாரோ அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். விசாரணை வந்தபோது வால்வை எடுத்தவர் ஊரிலேயே இல்லை. போட்டும் போட்காரரும்தான் அகப்பட்டார்கள்.

மட்டக்களப்புக் கடலுக்குள் ஏன் இத்தனை கப்பல் கிடக்கிறது என்பது இங்கே பலருக்கும் தெரிந்த கதை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸைத் தாக்கி மூழ்கடித்தன. அதே நாளில் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும், பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதெல்ஸ்டேன் ஆகிய எண்ணெய்க் கப்பல்களும் போயின. ஹேர்மிஸில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

சட்டம் என்னவென்றால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளென்றால் அது தொல்பொருள். இன்னும் யாரும் கண்டெடுக்காத தொல்பொருள் நிலத்துக்குள் கிடந்தாலும், ஆற்றிலோ நாட்டின் கடல் எல்லைக்குள்ளோ கிடந்தாலும் அரசுக்குச் சொந்தம். தேடித் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்டவர் உடனே அறிவிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வேறு அனுமதி. புதையல் தோண்டியதாகப் பிடிபட்டவர்கள் விளக்கமறியலுக்குப் போகும் செய்தியைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? அதே சட்டம்தான் கடலுக்குள்ளும்.

இங்கேதான் முதல் பொறி. “1815க்கு முந்தினதுதானே தொல்பொருள், இது 1942 கப்பல், எடுத்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மூழ்கியதும் கப்பலுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போய்விடுவதில்லை. போர்க்கப்பல் மூழ்கினாலும் அது தன்னுடையது என்றே பிரிட்டன் சொல்கிறது. வணிகக் கப்பலென்றால் கம்பனியோ காப்புறுதிக்காரரோ உரிமை கேட்கலாம். அடுத்தவர் பொருளைக் கழற்றிக்கொண்டு வருவதற்குத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே இடம் இருக்கிறது, தொல்பொருள் சட்டம் தேவையில்லை. போதாததற்குப் போர்க்கப்பலுக்குள் வெடிபொருள் கிடக்கும். பழைய ஷெல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

இன்னொன்று, 1942 கப்பலுக்குப் பக்கத்து மணலில் கிடக்கும் பானை ஓட்டுத்துண்டு 1942ஐச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் கிடக்கும் கப்பல் 2,000 வருடத்துக்கு மேல் பழையது. அதை முதலில் கண்டவர்கள் உள்ளூர்ச் சுழியோடிகள். பானை ஓட்டின் வயதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, பொலிஸாராலும் முடியாது. சந்தேகம் வந்தால் பதில் சொல்ல வேண்டியது யார் கையில் பொருள் இருக்கிறதோ அவர்தான்.

அடுத்தது பத்திரப் பிரச்சினை. சங்கு குளிக்கவும் கடலட்டை எடுக்கவும் கடற்றொழில் திணைக்களம் தரும் அனுமதி, சங்குக்கும் அட்டைக்கும் மட்டும்தான். கப்பலில் இருந்து ஒரு ஆணி எடுக்கவும் அது உதவாது. பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி அமைப்பின் கார்ட் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான். அது நீங்கள் சுழியோடப் பழகியவர் என்பதற்கான அத்தாட்சி. அதுவும் சாதாரண சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. போட் வைத்திருப்பவர்களே, கார்டைக் காட்டி “கூட்டிப்போங்க அண்ணன்” என்று கெஞ்சுபவரை ஏற்றாதீர்கள். நடக்கக்கூடாதது நடந்தால் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

சரி, ஏதோ ஒன்றைக் கண்டுவிட்டீர்கள். அங்கேயே விட்டுவிடுங்கள். படம் எடுங்கள், ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள், புள்ளியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வலையில் மாட்டித் தானாக மேலே வந்துவிட்டால் கடல் தண்ணி நிரப்பிய வாளியில் போட்டு மூடி வையுங்கள். வெயிலில் காயவிட்டால் உள்ளே ஊறிய உப்பு படிகமாகிப் பானை ஓட்டின் மேற்பரப்பை உரித்துவிடும், மரம் சுருங்கிப் பிளந்துவிடும், இரும்பு பிஸ்கட் மாதிரி உதிரும். தேசிக்காய் போட்டுத் தேய்க்கிற வேலையும் வேண்டாம்.

அப்புறம்தான் அலைச்சல். ஜீஎஸ் எனப்படும் கிராம சேவகரிடம் போனால் பொலிஸுக்குப் போ என்பார். பொலிஸில் “கடலென்றால் நேவி” என்பார்கள். நேவி முகாம் வாசலில், இது தொல்பொருள் திணைக்களத்து வேலை என்று திருப்பி அனுப்புவார்கள். அங்கே போனால் கடிதம் தா, கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்போம் என்பார்கள். நாலு இடத்திலும் வாயால் சொன்னதற்கு ஒரு இடத்திலும் சாட்சி இருக்காது. பிறகு யாராவது அந்தப் பொருளைக் கிளப்பிக்கொண்டு போனால், இடம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆகவே முதல் நாளே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கண்ட திகதி, நேரம், இடம், ஆழம், பொருளைத் தொடவில்லை என்ற வசனம், இவ்வளவும் போதும். தொல்பொருள் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிரதிகளைப் பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். “முத்திரை வைக்கிறவர் லீவு” என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாளைக்குப் போங்கள். சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று யாரும் சொல்ல முடியாது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. மாதக்கணக்கில் சத்தமில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் “என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்” என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டத்தைக் கண்டபிறகு தூங்கிய கோப்புகள் எழும்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் போட்காரர் இப்போது ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறார். “கப்பலில் இருந்து எதுவும் எடுக்கமாட்டேன், எடுத்தால் பொறுப்பு என்னுடையது” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வருபவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், கையொப்பம் வாங்கிய பிறகுதான் எஞ்சினை இழுக்கிறார். திரும்பும்போது சிலிண்டரை இறக்குவதற்கு முன்னம் எல்லார் வலைப்பையையும் போட்டின் தட்டில் கொட்டிக் காட்ட வேண்டும்.