வேகத்தை விடுங்கள், இரண்டாவது அடியைக் கேளுங்கள்

டிரம்ஸ் கற்க வருகிறவர்களில் பலர் அறிமுகமானதும் சொல்வது ஒரு எண்ணைத்தான். "சார், சிங்கிள் ஸ்ட்ரோக் 180 வரைக்கும் போகுது." வலது, இடது என்று மாறிமாறி ஒவ்வொரு அடியாக வாசிப்பதுதான் சிங்கிள் ஸ்ட்ரோக்; 180 என்பது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கு. டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோம் ஃபோனிலேயே வந்துவிட்டதால் வேகத்தை அளப்பது சுலபமாகிவிட்டது. சரி, வாசித்துக் காட்டுங்கள் என்றால் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து விரல்நுனி வெளுத்திருக்கும். இப்படிச் சேர்த்த வேகம் மேடையில் ஒரு பாட்டைக்கூடத் தாங்காது.

டிரம்ஸின் அடிப்படை அடி வரிசைகளான ரூடிமென்ட்கள், ராணுவ அணிவகுப்புகளில் ஸ்நேர் என்ற சிறிய டிரம்மை வாசித்தவர்களிடமிருந்து வந்தவை. 1933இல் அமெரிக்காவில் 13 ரூடிமென்ட்களை அவசியமானவை என்று வகுத்தார்கள். பிறகு அது 26 ஆனது. 1984இல் தாளவாத்தியக்காரர்களின் அமைப்பான பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 40 கொண்ட பட்டியலை வெளியிட்டது. இன்று எல்லோரும் பார்ப்பது அதைத்தான். நாற்பதையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, தினம் ஒன்றாக முடித்துவிடப் பார்ப்பது வீண் வேலை. சிங்கிள், டபுள், இரண்டையும் கலந்த சிங்கிள் பாரடிடில், பெரிய அடிக்குச் சற்று முன் ஒரு மெல்லிய அடி விழும் ஃப்ளாம் இந்த நான்கும் முதல் வருடத்துக்குத் தாராளம்.

அதிலும் டபுள் ஸ்ட்ரோக்தான் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு. வலது வலது, இடது இடது என்று வாசிக்கும்போது முதல் அடியைக் கை கொடுக்கிறது. இரண்டாவது, ஸ்டிக் தானாக எகிறி விழுவதால் வருகிறது. அதனால் அது மெலிந்து, கொஞ்சம் முந்திக்கொண்டு விழும். வேகமாக வாசித்தால் இது காதில் படாது. 60இல் வாசித்து ஃபோனில் பதிவு செய்து, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அப்பட்டமாகத் தெரியும். இதைச் சரிசெய்ய அழுத்தத்தை வேண்டுமென்றே இரண்டாவது அடியில் கொடுத்து மெதுவாக வாசிக்க வேண்டும். விரல்கள் ஸ்டிக்கை உள்ளங்கைக்குள் இழுக்கும் அந்தச் சின்ன அசைவு அப்போதுதான் பிடிபடும். பயிற்சிக்கான ரப்பர் பேடை மட்டும் நம்பாதீர்கள். அதில் எகிறல் அதிகம். பேடில் பிரமாதமாக வரும் டபுள், தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமுக்குப் போனதும் குழைந்துவிடும். தினம் கொஞ்ச நேரம் தலையணையிலும் வாசித்துப் பாருங்கள்.

பேடில் வாசித்ததை, கிட்டில் (முழு டிரம் செட்டில்) பாட்டோடு ஓடும் தாளமாக, அதாவது குரூவாக மாற்றாவிட்டால் ரூடிமென்ட் வெறும் விரல் பயிற்சியாகவே நின்றுவிடும். பாரடிடிலை எடுத்துக்கொள்வோம்: வ இ வ வ, இ வ இ இ. வலது கையை ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலிலும் இடது கையை ஸ்நேரிலும் வையுங்கள். ஒரு பீட்டுக்கு நான்கு அடி. 1, 3ஆம் பீட்களில் காலால் பாஸ் டிரம். இப்போது பாருங்கள், 2, 4ஆம் பீட்கள் தொடங்குவது இடது கையில். அந்த அடியை உரக்க அடித்தால், 2, 4இல் அழுத்தம் விழும் பேக்பீட் கிடைத்துவிடும். இடது கையின் மற்ற அடிகள் எல்லாம் ஸ்நேரிலிருந்து ஓரங்குல உயரத்தில் முணுமுணுக்கும் கோஸ்ட் நோட்கள்.

சிரமம் பேக்பீட்டுக்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. ஓங்கி அடித்த ஸ்டிக்கை மேலே போகவிடாமல் தோலுக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும்; ஏனென்றால் அடுத்த இரண்டு இடது அடிகளும் மெல்லியவை. திரும்ப அதை உயர்த்த வேண்டிய இடம், 1, 3ஆம் பீட்களின் இரண்டாவது அடி. மெல்லத் தொட்டுவிட்டு அப்படியே மேலே எடுங்கள். வலது கையின் இரண்டு அடிகள் நடக்கும் நேரம் அதற்குப் போதும். இந்த ஒரு குரூவை ஒரு மாதம் வாசித்தாலும் தப்பில்லை. மிருதங்கம் பழகியவர்கள் 'தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசிப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு அடிகளின் இடைவெளி சீக்கிரம் சமனாகிறது. நீங்களும் சொல்லிப் பழகுங்கள்.

குரூவ் நிலைத்ததும் மெட்ரோனோமைப் பாதியாகக் குறையுங்கள். 80இல் வாசிக்க வேண்டுமானால் 40இல் வைத்து, அந்த கிளிக்கை 2, 4ஆம் பீட்களாக நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் தாளத்தைத் தாங்க வேண்டியது நீங்கள்தான்.

இன்னும் இரண்டு விஷயங்களை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கை அசந்துபோவது வேறு, வலிப்பது வேறு. மணிக்கட்டிலோ முன்கையிலோ சுரீரென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். 'வலித்தால்தான் கை ஏறும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விரல்களில் மரத்துப்போதல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். தேர்வு தேதி நெருங்குகிறதே என்று அதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது காது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரத்தை வரம்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் ஸ்நேரும் சிம்பலும் சேர்ந்தால் அந்த அளவைச் சுலபமாகத் தொட்டுவிடும். பஞ்சு போதாது, இயர்பிளக்கோ இயர்மஃபோ வேண்டும். என் வகுப்பில் அது இல்லாமல் யாரும் கிட்டில் உட்கார முடியாது. பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்கும் அதே விதிதான்.