பறிமுதலா, கைப்பற்றலா?

கஞ்சா, மணல் லாரி, நாட்டுத் துப்பாக்கி என எது சிக்கினாலும் நம் செய்தித்தாள்களில் ‘போலீசார் பறிமுதல் செய்தனர்’ என்றுதான் வரும். போலீஸ் அங்கே செய்வது பெரும்பாலும் பறிமுதலே இல்லை.

பறி + முதல் = பறிமுதல். இங்கே முதல் என்றால் சொத்து. ‘முதலும் வட்டியும்’ என்கிறோமே, அந்த முதல். கொள்ளையடித்த பொருளுக்கும் இந்தச் சொல் வழங்கியதுண்டு. ஆங்கிலத்தில் கான்ஃபிஸ்கேஷன். அதன் வேர் ‘ஃபிஸ்கஸ்’ என்ற லத்தீன் சொல். முதலில் கூடை, அப்புறம் பணக்கூடை, கடைசியில் ரோமப் பேரரசரின் கருவூலம். அதாவது பொருள் கருவூலத்துக்குப் போய்விட்டது, உடைமையாளருக்கு இனி அதில் உரிமை இல்லை.

கைப்பற்றல் அப்படியல்ல. பொருள் அதிகாரியின் கையில் இருக்கும், உரிமை மட்டும் மாறாது. வழக்குக்குச் சான்றாகப் போலீஸ் எடுத்து வைப்பதெல்லாம் இந்த வகை. அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த ‘ஜப்தி’ ஒரு காலத்தில் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. இப்போது கடனுக்காக நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நிற்கும் இடத்தில்தான் அதிகம் கேட்கிறோம்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அமெரிக்காவில் தெரிந்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அடித்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. செப்டம்பரில், இனி காவல் துறையிடம் மட்டுமே ஆயுதம் இருக்கும் என்றார் நகரக் காவல் தலைவர் எடி காம்பஸ். சட்டப்படி வைத்திருந்தவர்களின் துப்பாக்கிகளையும் வீடு வீடாகப் போய் எடுத்தார்கள். பலருக்கு ரசீதுகூடக் கொடுக்கவில்லை. துப்பாக்கி உரிமை அமைப்புகள் வழக்குப் போட, அதே மாதம் 23ஆம் தேதி கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. திரும்ப வாங்கப் போனவர்களிடம் உடைமைச் சான்று கேட்டார்கள். வெள்ளத்தில் வீட்டையே இழந்தவர் பில்லுக்கு எங்கே போவார்? பேச்சுக்குக் கைப்பற்றல்தான், ஆனால் ரசீது இல்லாததால் அது பறிமுதலாகவே முடிந்தது.

2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் பேரிடர் நிவாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. செனட்டில் அதற்கு ஆதரவு 84, எதிர்ப்பு 16. பேரிடர் நிவாரணத்தில் ஈடுபடும் கூட்டாட்சி அதிகாரிகளும் கூட்டாட்சிப் பணம் பெறுவோரும், மக்கள் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை ‘தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ’ கைப்பற்றக் கூடாது என்கிறது அது. குற்ற விசாரணைக்குச் சான்றாக எடுப்பதற்குத் தடையில்லை. மீறினால் பாதிக்கப்பட்டவர் நேரடியாக வழக்குப் போடலாம்.

இதைத் தமிழில் ‘துப்பாக்கிப் பறிமுதல் தடை’ என்று எழுதினால் ‘தற்காலிகமாகவோ’ என்ற பாதி காணாமல் போகிறது. ‘நாங்கள் பறிக்கவில்லை, சும்மா வாங்கி வைத்திருக்கிறோம்’ என்று அதிகாரி தப்பிக்கும் வழியையும் சேர்த்து அடைத்தது இந்தச் சட்டம். ஆகவே ‘கைப்பற்றல் தடை’ என்பதே சரி.

இன்னொரு விலக்கும் உண்டு. மீட்புப் படகிலோ பஸ்ஸிலோ ஏறுமுன் துப்பாக்கியைக் கொடுக்கச் சொல்லலாம், பயணம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். இதற்குத் தமிழில் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, தேர்தல் முடிந்ததும் வாங்கிக்கொள்வதை நம் ஊரில் ‘ஒப்படைப்பு’ என்கிறோம். அதுவே இங்கும் பொருந்தும்.