வின்டேஜ்: எந்த ஆண்டு விளைச்சல்?

பழைய சாமான் கடையில் ஒரே அட்டைப்பெட்டிக்குள் இரண்டு ஹெட்ஃபோன்கள் கிடந்தன. ஒன்று, மஞ்சள் நுரைப்பஞ்சு வைத்த, ஜெர்மன் நிறுவனமான சென்ஹைசரின் ஹெச்.டி.414. மற்றதில் பெயர் அழிந்துபோயிருந்தது. காதுறை செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. வயது பத்தைத் தாண்டியிருக்காது. இரண்டின் மேலும் ஒரே சீட்டு: ‘வின்டேஜ்’. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பழசு என்றாலே வின்டேஜ் என்றுதான் நம்மில் பலரும் சொல்கிறோம். சொல் பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், அந்தச் சீட்டு முதலாவதுக்கு மட்டுமே பொருந்தும்.

பிறந்த இடம் திராட்சைத் தோட்டம். லத்தீனில் ‘வீனும்’ என்றால் ஒயின், ‘டேமெரே’ என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்து ‘விண்டேமியா’, அதாவது திராட்சை அறுவடை. பிரெஞ்சில் அது ‘வந்தாஞ்ஜ்’ ஆனது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் புது நாட்காட்டி போட்டபோது, செப்டம்பர் கடைசியில் தொடங்கும் முதல் மாதத்துக்கு இந்த அறுவடையின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆங்கிலத்துக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் பொருள் அறுவடைதான். பிறகு, ஒயின் எந்த ஆண்டுத் திராட்சையில் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கத் தொடங்கியது. ஒரே தோட்டம், ஒரே கொடி என்றாலும் மழையும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், சுவையும் மாறும். பிரான்சின் போர்தோ வட்டார ஒயின்களில் 1945, 1961 என்று ஆண்டைச் சொன்னாலே தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆக, வின்டேஜ் என்ற சொல்லின் உயிர் வயதில் இல்லை, ஆண்டில் இருக்கிறது. ‘எவ்வளவு பழசு?’ என்பதைவிட ‘எந்த ஆண்டு விளைச்சல்?’ என்பதே அது கேட்கும் கேள்வி.

20ஆம் நூற்றாண்டில் கார்க்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1930 வரை வந்த வண்டிகளுக்கு என்று கோடு போட்டது. ஒலிக்கருவிகளுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. ஆனாலும் ஒயினுக்குச் சொன்ன பொருள் ஹெட்ஃபோனுக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்கு வியன்னாவில் பிறந்த ஏ.கே.ஜி. நிறுவனத்து கே240 செக்ஸ்டெட் போதும். 1970களின் நடுவில் வந்த, 600 ஓம் மின்தடை கொண்ட மாடல் அது. நடுவில் டிரைவர் எனப்படும், ஒலி எழுப்பும் பாகம் ஒன்று, அதைச் சுற்றி மின்சாரம் இல்லாமல் காற்றழுத்தத்தால் மட்டுமே அசையும் ஆறு சிறு சவ்வுகள். மேலே எழுதியிருக்கும் பெயர் கடைசிவரை ஒன்றுதான். ஆனால் தயாரிப்பு நடந்த ஆண்டுகளுக்குள் உள்ளே சில மாற்றங்கள் நடந்தன. அதனால் சேகரிப்பவர்கள் முதல் காலம், நடுக் காலம், கடைசிக் காலம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்து, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிறார்கள். திராட்சைத் தோட்டத்துக்காரர் செய்வதும் இதேதான்.

பக்கத்துச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரெட்ரோ என்பது பழைய சாயலில் இன்று செய்த பொருள். ஆன்டிக் என்றால் நூறு வயதாவது இருக்க வேண்டும் என்பது வணிக வழக்கம். காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ 1984இல் வந்தது. அதே தோற்றத்தில் நெடுங்காலமாக விற்பனையில் இருக்கிறது. அன்று செய்தது வின்டேஜ், அண்மையில் செய்தது இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிறந்த ஆண்டு வேறு.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பழங்கால’ என்றால் நாணயமும் செப்பேடும் நினைவுக்கு வருகின்றன. ‘தொன்மையான’ என்பது அதைவிடத் தூரம். ‘பழம்பெரும்’ நடிகருக்குச் சரி, ஹெட்ஃபோனுக்குப் பொருந்தாது. எனக்கு வழிகாட்டியது அரிசிக்கடை. அங்கே ‘புதுசா, பழசா?’ என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். புது அரிசி குழையும். பழசு உதிரி உதிரியாக வரும், விலையும் கூடுதல். வயது ஏறியதால் மதிப்பு ஏறிய பொருளைப் பேசும் பேச்சு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதனால் பொருளுக்குப் ‘பழங்கருவி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கனியைக் குறிக்கும் பழமும், ‘பழம்பொருள்’ என்பதில் முன்னால் நிற்கும் பழமும் அகராதியில் வெவ்வேறு சொற்கள். காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. திராட்சையில் பிறந்த சொல்லுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆண்டைக் குறிக்க ‘விளைவாண்டு’. பேச்சில் ‘எந்த வருஷத்து விளைச்சல்?’ என்றே கேட்கலாம். பேசும்போது வின்டேஜ் என்று சொல்வதில் தவறில்லை, ஆனால் பக்கத்தில் ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டும். ஆண்டு இல்லாத வின்டேஜ் வெறும் பழசு.

அந்த மஞ்சள் 414ஐ வாங்கி வந்தேன். 1968இல் அறிமுகமான, காதை அடைக்காமல் காற்றோட்டமாக விட்ட முன்னோடி மாடல் அது. நுரைப்பஞ்சைத் தொட்டதும் விரலில் மஞ்சள் பொடி ஒட்டியது. நம் ஊர் ஈரக்காற்றில் நுரை அப்படித்தான் உதிரும். மாற்று நுரை போட்டுக்கொள்ளலாம். பழைய 414களின் மின்தடை 2000 ஓம், செல்போனின் சக்தி அதற்குப் போதாது, அதனால் செருகினால் ஒலி முணுமுணுப்பாகத்தான் வரும். கெட்டுப்போய்விட்டது என்று பலர் தூக்கி எறிவது இதனால்தான். இதன் வயரின் நுனியில் ஒரு செருகி இருந்தது, பகடையில் ஐந்து விழுந்ததுபோல ஐந்து ஊசிகளோடு. அந்தக் காலத்து ஜெர்மன் ரேடியோக்களில் இதை ஒரு பக்கமாகச் செருகினால் ஸ்பீக்கரும் பாடும். திருப்பிச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கி ஹெட்ஃபோன் மட்டும் பாடும். விளைவாண்டைத் தேட எனக்குக் கிடைத்த முதல் துப்பு அந்த ஐந்து ஊசிகள்.