தளர்ந்து பிறந்த கன்று: பாலுக்கு முன் பார்க்க வேண்டியவை

பிறந்த கன்று எழுந்து நிற்கவில்லை என்றதும் பலரும் வாயைப் பிளந்து பாலை ஊற்றிவிடுகிறார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் விழுங்கத் தெம்பில்லாத கன்றுக்கு ஊற்றிய பால் புறையேறி நுரையீரலுக்குள் போகும். முதல் கண்டத்தில் தப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து இந்தப் பாலால் வந்த நிமோனியாவில் சாகும் கன்றுகள் உண்டு. தளர்ந்த கன்றுக்கு முதலில் மூச்சு, அடுத்து உடல் சூடு, அதற்குப் பிறகுதான் சீம்பால். இந்த வரிசை மாறக் கூடாது.

நலமான கன்று சில நிமிடங்களில் தலையைத் தூக்கும். கால் மணி நேரத்துக்குள் நெஞ்சை ஊன்றி உட்காரும், ஒரு மணி நேரத்துக்குள் எழ முயலும், இரண்டு மணி நேரத்துக்குள் மடியைத் தேடி ஊட்டும். கால் மணி நேரம் கடந்தும் பக்கவாட்டில் சாய்ந்தே கிடந்தால் அது சோர்வு மட்டும் அல்ல. தாய் நெடுநேரம் முக்கிய பிறகு இழுத்து எடுத்த கன்றாக இருந்தால், ஆக்சிஜன் குறைந்து ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். நாக்கும் தலையும் வீங்கியிருப்பது, உடலெங்கும் மஞ்சளாக மலம் பூசியிருப்பது இரண்டுமே அதற்கான அடையாளங்கள்.

மூக்கிலும் வாயிலும் இருக்கும் கோழையை விரலால் வழித்து எடுங்கள். கன்றை நெஞ்சின் மேல் உட்காரவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக முன்னோக்கி இழுத்துவிடுங்கள். தவளை உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இந்த நிலையில்தான் இரண்டு நுரையீரலும் ஒரே அளவில் விரியும். மூச்சு சரியாக வரவில்லையென்றால் சுத்தமான வைக்கோல் துண்டு ஒன்றை மூக்குத் துளையில் விட்டுக் குடையுங்கள். தும்மும்போது ஆழமாக மூச்சை இழுக்கும். முதுகையும் விலாவையும் முரட்டுத் துணியால் அழுத்தித் தேய்ப்பதும் உதவும்.

பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அப்போது கொட்டும் நீரில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவது, நுரையீரலிலிருந்து அல்ல. குடலும் வயிறும் சரிந்து உதரவிதானத்தை அழுத்துவதால் மூச்சு இன்னும் திணறும்.

அடுத்து வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் (சுமார் 101 முதல் 103 ஃபாரன்ஹீட்) வரை இருந்தால் கவலையில்லை. 37.8-க்குக் கீழே போனால் கன்று குளிர்ந்துவிட்டது என்று பொருள். ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, காய்ந்த வைக்கோல் மேல் கிடத்தி, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரு பக்கமும் வையுங்கள். 35-க்கும் கீழே இறங்கியிருந்தால், தலையை மேலே தாங்கியபடி 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் உடலை அமிழ்த்துவதுதான் வேகமான வழி. எடுத்த உடனே முழுதும் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் ஏறிய சூடும் இறங்கிவிடும்.

இப்போது கையைக் கழுவிவிட்டு இரண்டு விரலை வாய்க்குள் விடுங்கள். நாக்கின் மேல் வைத்து அண்ணத்தை மெதுவாக வருடினால், தெம்புள்ள கன்று விரலைச் சுற்றி நாக்கை மடக்கி இழுத்து உறிஞ்சும். அதற்கு நிப்பிள் பாட்டில் போதும். தாடையை மட்டும் மென்றுகொண்டிருந்தால், அல்லது விரலைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால், பாட்டிலும் வேண்டாம், மூங்கில் குழாயும் வேண்டாம். வாய்க்குள்ளும் ஜில்லென்று இருந்தால் சூடேற்றும் வேலை இன்னும் முடியவில்லை. அண்ணம் பிளந்திருக்கிறதா என்பதும் இதே விரலில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கன்றுக்கு ஊட்டிய பால் மூக்கு வழியே திரும்பி வரும்.

சீம்பாலில் அவசரம் ஏன்?

கருவில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கன்றுக்குள் வருவதில்லை. எல்லாமே சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அவற்றை உடைக்காமல் அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் முழுமையாக இருக்கிறது. பிறகு குறைந்துகொண்டே வந்து, 24 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். அதற்கு மேல் எத்தனை லிட்டர் கொடுத்தாலும் அது வெறும் உணவுதான்.

முதல் முறை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். பிறந்து 2 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது, 6 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. தளர்ந்த கன்று ஒரே தடவையில் அவ்வளவு குடிக்காவிட்டால் இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். 8 முதல் 12 மணி நேரம் கழித்து இன்னொரு ஒன்றரை லிட்டர். பால் 38 முதல் 40 டிகிரி சூட்டில் இருக்கட்டும். கொதிக்கவைத்தால் எதிர்ப்புப் பொருள் அழிந்துவிடும். உறைந்த சீம்பாலையும் 50 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும்.

உறிஞ்சாத கன்றுக்கு உணவுக்குழாய் வழியே குழாய் விட்டுத்தான் கொடுக்க முடியும். ஒருமுறையாவது மருத்துவர் அருகில் இருந்து காட்டித் தந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. மூக்கு நுனியிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை அளந்து குழாயில் அடையாளம் இடுங்கள். கன்று நிற்க வேண்டும், அல்லது நெஞ்சை ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும். குழாய் இறங்கிய பிறகு கழுத்தைத் தடவிப் பாருங்கள். வளையம் வளையமாகக் கடினமாக இருப்பது மூச்சுக்குழாய். அதைத் தவிர, இடது பக்கம் வழுவழுப்பாக இன்னொரு குழாய் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஒன்றுதான் தட்டுப்படுகிறது, அல்லது கன்று இருமுகிறது என்றால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பால் தானாக இறங்கட்டும், பிழிந்து தள்ளக் கூடாது. எடுக்கும்போது குழாயை மடித்துப் பிடித்தபடி உருவினால் மீதிப் பால் தொண்டையில் சிந்தாது.

தொப்புளும் மூட்டும்

தொப்புள்கொடித் துண்டு 7 சதவீத டிஞ்சர் அயோடினில் அடிவரை நனைய வேண்டும். சிறு கிண்ணத்தில் ஊற்றி முக்குவதே நல்லது, மேலோட்டமாகப் பூசினால் இடுக்கில் இறங்காது. 12 மணி நேரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். முதல் வாரம் முழுக்கத் தினமும் தடவிப் பாருங்கள். சூடாக, கெட்டியாக, தொட்டால் கன்று துள்ளினால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். மெத்தென்று இருந்து அழுத்தினால் உள்ளே போய்விடும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கக்கூடும். சீழ்க்கட்டி என்று நினைத்து பிளேடு போட்டால் வெளியே வருவது குடல். இரண்டும் கலந்தும் வரும் என்பதால் எந்தத் தொப்புள் வீக்கத்தையும் வீட்டில் கீறாதீர்கள். தொப்புளில் புகுந்த கிருமி ரத்தம் வழியே முன்கால் முட்டியிலும் பின்கால் மூட்டிலும் தங்கும். வீங்கிய மூட்டோடு நொண்டும் கன்றை அன்றே காட்டாவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம்.

கழிச்சல் கண்டால் பலரும் பாலை நிறுத்திவிடுகிறார்கள். அது கன்றைப் பட்டினி போடுவதுதான். பால் தொடரட்டும், நடுவே கன்றுகளுக்கான உப்புப் பொட்டலத்தை நீரில் கரைத்த கரைசலைக் கொடுங்கள். கணக்கு எளிது: கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளினால் மடிப்பு சில நொடி நிற்கிறது என்றால், எடையில் ஏறக்குறைய 8 சதவீத நீர் போயிருக்கும். 30 கிலோ கன்றுக்கு அது 2.4 லிட்டர். அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மில்லி, அதாவது 1.5 லிட்டர். ஆக அன்றைக்கு ஏறக்குறைய 4 லிட்டர், அதோடு கழிச்சலில் போய்க்கொண்டிருப்பதும் சேரும். பல வேளையாகப் பிரித்து, பாலுக்கும் கரைசலுக்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பொட்டலத்தில் சொன்ன நீரின் அளவைக் குறைக்காதீர்கள், கரைசல் கெட்டியானால் கழிச்சல் கூடும். மனிதருக்கான ஓ.ஆர்.எஸ். அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் ரத்த அமிலத்தை முறிக்கும் சரக்கு அதில் கன்றுக்குப் போதாது. கண் அவ்வளவாகக் குழியவில்லை, ஆனாலும் கன்று எழவும் இல்லை, உறிஞ்சவும் இல்லை என்றால் அமிலம் ஏறியிருக்கிறது. அதற்கு மருத்துவர் ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்துதான் வழி. இந்தக் கன்றைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழிச்சல் கிருமிகளில் சில மனிதரையும் தாக்கும்.

ஒரு நாள் கடந்தும் சாணம் போடாமல் முக்கி, வயிறு உப்பினால் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்த் துளையே இல்லாமல் பிறக்கும் கன்றுகள் உண்டு, அறுவை சிகிச்சை தாமதிக்க முடியாது.

மருத்துவரை அழைக்கும் முன் கன்று பிறந்த நேரம், இழுத்து எடுத்ததா தானாக விழுந்ததா, சீம்பால் எப்போது எவ்வளவு போனது, இப்போதைய வெப்பம், விரலை உறிஞ்சுகிறதா இல்லையா என்ற விவரங்களைக் குறித்து வையுங்கள். என்ன எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதை அவர் தொலைபேசியிலேயே முடிவு செய்துவிடுவார்.