மெயிலில் தமிழ் உடைந்தால் ஃபான்ட்டைத் தேடாதீர்கள்

"மெயில்ல தமிழ் உடைஞ்சு வருது, எந்த ஃபான்ட் போடணும்?" இதற்கு இன்னும் எத்தனை முறைதான் பதில் சொல்வது! ஒரு ஃபான்ட்டும் போட வேண்டாம். டிஸ்கி, டேப், டேம் என்று ஆளுக்கொரு குறியேற்றம் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) புழங்கிய காலத்தில் அதற்கான ஃபான்ட் இல்லாமல் எதையும் படிக்க முடியாது. அந்தக் காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. ஃபான்ட் இல்லையென்றால் திரையில் வெறும் கட்டங்கள்தான் வரும். உங்களுக்குத் தெரிவது கட்டமா? இல்லையென்றால் ஃபான்ட்டை விட்டுவிடுங்கள்.

மேலே சாய்கோடு போட்ட சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? இன்று எங்கும் புழங்கும் குறியேற்றமான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் ஒரு குறி) மூன்று பைட், அதாவது மூன்று எண். 'அ' என்பது 224, 174, 133. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. படிக்கும் செயலி இதை விண்டோஸ்-1252 என்ற பழைய ஐரோப்பியக் குறியேற்றம் என்று எடுத்துக்கொண்டு மூன்று தனி எழுத்தாகக் காட்டுகிறது. சரக்கு பத்திரமாக இருக்கிறது, எந்தக் குறியேற்றம் என்று மேலே ஒட்டிய சீட்டுதான் தப்பு.

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் கதை வேறு. 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள். ஏழு கேள்விக்குறி நிற்கும். பெரும்பாலும் அனுப்பிய இடத்திலேயே எழுத்து அழிந்துவிட்டது. எந்த மாற்றியும் மீட்காது, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

தயவுசெய்து ஒன்று: உடைந்த வரிகளைக் காப்பி செய்து "இதை மாற்றிக் கொடுங்கள்" என்று அனுப்பாதீர்கள். புள்ளியின் மூன்றாவது பைட் 141. விண்டோஸ்-1252இல் அந்த இடம் காலி. காப்பி செய்யும்போது அது உதிர்ந்துவிடலாம். பிறகு மெய்யெழுத்தெல்லாம் புள்ளியிழந்து நிற்கும். மெயிலை மூலவடிவில் கோப்பாகச் சேமித்து இணையுங்கள். உடைந்த மெயிலுக்குப் பதில் எழுதுவதும் ஆபத்து. குப்பையே மறுபடி யூடிஎஃப்-8 ஆகி, மூன்று பைட் 'அ' ஏழு பைட்டாக வீங்கும்.

இனி மெயில் அனுப்பும் நிரல் எழுதுவோருக்கு. எச்டிஎம்எல் பக்கத்துக்குள் மெட்டா வரியில் சார்செட் (குறியேற்றத்தின் பெயர்) போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மெயிலின் கன்டென்ட்-டைப் தலைப்பு வரிதான் செல்லும். அதில் சார்செட் சொல்லாத வெறும் உரையை யுஎஸ்-ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள குறியேற்றம் என்றுதான் கொள்ள வேண்டும் என்பது மைம் என்ற மெயில் தரநிலையின் 1996ஆம் ஆண்டு விதி. பைட்டுகளை ஆஸ்கி எழுத்தாக மாற்றி அனுப்ப, மெயிலின் உடலுக்கு பேஸ்64 முறை போதும்: ஒரு தமிழ்க் குறிக்கு நான்கு எழுத்து. இன்னொரு முறையான கோட்டட்-பிரின்டபிள் என்றால் ஒன்பது. ஆங்கில உரைக்கு அது சிக்கனம், தமிழுக்குத் தண்டம்.

அதிகம் சொதப்புவது சப்ஜெக்ட் வரி. குறியேற்றிய ஒவ்வொரு துண்டும் 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8, பேஸ்64 என்று அறிவிக்கும் முன்னொட்டு பின்னொட்டுக்கே 12 போய்விடும். மிச்சத்தில் 60 எழுத்து, அதாவது 45 பைட், 15 தமிழ்க் குறிகள். அப்படியே 45, 45 என்று வெட்டிவிடலாமே என்று தோன்றும். சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி வந்ததும் மூன்றின் கணக்கு குலைந்து, எழுத்தின் நடுவில் கத்தி விழும். அங்கேதான் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கிறது. குறி முடியும் இடம் பார்த்து வெட்டுங்கள்; கையால் வெட்டாமல் நிரல் நூலகத்திடம் விட்டால் இன்னும் நல்லது.

"டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லாதீர்கள். அந்த நான்கு எழுத்தும் ஆஸ்கி. எந்தச் சீட்டு ஒட்டினாலும் அநேகமாக ஒழுங்காகத்தான் தெரியும். இடைவெளிகளோடு நீளமான தமிழ்த் தலைப்பு, தமிழில் அனுப்புநர் பெயர், தமிழ்ப் பெயர் வைத்த இணைப்புக் கோப்பு, இம்மூன்றையும் ஒரே மெயிலில் வைத்து, குறைந்தது இரண்டு வெவ்வேறு செயலிகளில் திறந்து பாருங்கள்.