பிறவிக் குறை பயமும் நாம் கவனிக்க மறக்கும் ரத்த அழுத்தமும்

கருவுற்றது தெரிந்ததும் வீட்டிலிருந்த நான்-ஸ்டிக் தோசைக்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வரும் பெண்களை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். “குழந்தைக்கு ஏதாவது குறை வந்துவிடுமா டாக்டர்?” என்று கண் கலங்கக் கேட்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அது தோசைக்கல்லோடு நின்றுவிடுகிறது.

ஒட்டாத பூச்சு, கறை படியாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை ஆகியவற்றுக்காக உருவாக்கப்பட்ட பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ, ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதாவது, கருவுறுவதற்கு முன்பே உடலில் சேர்ந்தது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை எட்டிவிடுகிறது. பத்து மாதப் பத்தியத்தால் இதைத் தடுக்க முடியாது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் அருகே டூபாண்ட் ஆலை, ஒட்டாத பூச்சான டெஃப்லானின் தயாரிப்பில் பிஎஃப்ஓஏவைப் பயன்படுத்தியது. சோதனையில் இதை ஊட்டிய எலிகளின் குட்டிகளுக்குக் கண்களில் கோளாறு தெரிந்ததாக, அந்த ரசாயனத்தை விற்ற 3எம் நிறுவனம் 1981இல் தகவல் சொன்னது. உடனே டெஃப்லான் பிரிவிலிருந்த பெண்களை ஆலை வேறு வேலைக்கு மாற்றியது. அவர்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் இருவருக்குக் கண்ணில் குறை இருந்தது. ஊராருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் அதே ரசாயனம் கலந்த குடிநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு ஊரார் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி சுமார் 69,000 பேரின் ரத்தமும் உடல்நல விவரங்களும் சேகரிக்கப்பட்டன. 2011இல் வந்த முடிவைத்தான் கர்ப்பிணிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பிறவிக் குறைக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று சொல்லச் சான்று போதவில்லை. கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கோ தொடர்பு இருக்கக்கூடும் என்றே ஆய்வுக் குழு சொன்னது.

ரத்த அழுத்தம் என்றால் நம் வீடுகளில் அலட்சியம். “மாசமா இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, விடாத தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள்.

முதல் செக்கப்பிலேயே நான் வேலையையும் தண்ணீரையும் விசாரிப்பேன். குரோமிய முலாம் பட்டறையா, துணிக்குப் பூச்சு ஏற்றும் ஆலையா, தீயணைப்பு நுரை புழங்கும் இடமா? அப்படியானால் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும்; பிஎஃப்ஏஎஸ் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரிலும் தெரியாது. முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்ஓ கருவி பெருமளவு வடிகட்டும். அதற்கு வசதியில்லாத வீட்டுக்கு என்ன சொல்வது? தண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேண்டியது குடிநீர் வழங்குபவர்களின் பொறுப்பு. அதைக் கர்ப்பிணியின் தலையில் கட்டக்கூடாது.

தோசைக்கல் விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டிக் காய்ந்த பூச்சிலிருந்து உடலுக்குள் போவது மிகக் குறைவு. வெறும் கல்லை அடுப்பில் புகைய விடாதீர்கள், அது போதும்.

தாய்ப்பாலிலும் பிஎஃப்ஏஎஸ் ஓரளவு போகும் என்று கேள்விப்பட்டுப் புட்டிப்பாலுக்கு மாற நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை பெரிது. அதோடு, இந்த ரசாயனம் அதிகம் சேர்ந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பு சக்தி குறையலாம் என்று வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. பாலை நிறுத்தாதீர்கள்; எதிர்ப்பு சக்தி குறையலாம் என்பதால் தடுப்பூசி அட்டையில் ஒரு தவணையையும் தள்ளிப்போடாதீர்கள்.