லைட் அணைந்தால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் இன்னொரு பையன், மெயினை அணைத்த பிறகும் ஷாக் வாங்கினான். முதுநிலை இரண்டாம் ஆண்டு, விமானத்துக்கான கன்வெர்ட்டர் (மின்சாரத்தை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் கருவி) செய்கிறவன், கெட்டிக்காரன். "மெயின் ஆஃப் பண்ணிட்டேன் சார், லைட்டும் அணைஞ்சிடுச்சு சார்" என்றான், நடுங்கிக்கொண்டே. பெருவிரல் நுனியில் மிளகளவு கருப்பு. கையிலிருந்த ஸ்பேனரின் ஓரம் உருகி அரிசி அளவுக்குப் பள்ளம். பிழைத்துக்கொண்டான். இந்தத் துறையில் 20 வருடத்தில் நான் பார்க்கும் ஆறாவது கேஸ் இது, ஆறு பேரும் சொன்னது அதே வாக்கியம்தான்.

அந்த லைட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எரிவது கன்ட்ரோல் போர்டுக்கு வரும் 28 வோல்ட்டில். மெயினை அணைத்தால் அதுவும் அணையும். ஆனால் கன்வெர்ட்டரின் நடுவே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் டி.சி. லிங்க் கெப்பாசிட்டருக்கும் அந்த லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லைட் அணைந்த அந்த நொடியிலும் கெப்பாசிட்டரில் முழு 540 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது. கெப்பாசிட்டரின் அளவு 1000 மைக்ரோஃபாரட் என்றால் அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 146 ஜூல். "பிளீடர் ரெசிஸ்டர் இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது, கெப்பாசிட்டரை மெல்ல வடிப்பதற்கென்றே வைத்த 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் வழியாக 540 வடிந்து ஆபத்து குறைந்த 60 வோல்ட்டுக்கு வர 3 நிமிடம் 40 விநாடி ஆகும், அதுவும் ரெசிஸ்டர் நன்றாக இருந்தால். அதன் ஒரு சால்டர் இணைப்பு விட்டுப்போயிருந்தால் டீ குடித்துவிட்டு வந்து தொட்டாலும் அடிக்கும். லைட் அணைந்ததும் நீங்கள் ஸ்பேனரை எடுக்க எத்தனை விநாடி ஆகிறது, யோசித்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வோல்டேஜ் என்றால், போயிங் 787 போன்ற விமானங்களில் கேபினுக்கான காற்றை எஞ்சினிலிருந்து உருவி எடுப்பதில்லை, மோட்டார் கம்ப்ரஸர்தான் அழுத்தித் தருகிறது. அந்த அளவு பவரை 28 வோல்ட்டில் அனுப்பப் போனால் கரண்ட் எகிறும், அதைத் தாங்கும் கேபிளின் கனமே விமானத்தை அமுக்கிவிடும். அதனால் கூட்டல் 270, கழித்தல் 270, இரண்டுக்கும் இடையில் 540 வோல்ட்.

அப்புறம் "டி.சி. ஷாக் அடிக்காது" என்று ஒரு நம்பிக்கை. கார் பேட்டரியைத் தொட்டுப் பழகியதால் வந்தது. அங்கே காப்பாற்றியது டி.சி. இல்லை, வெறும் 12 வோல்ட். லோடு ஓடும்போது கனெக்டரை உருவுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: விமானத்தின் 400 ஹெர்ட்ஸ் ஏ.சி. விநாடிக்கு 800 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால், உருவும்போது எழும் பொறி அணைய வாய்ப்பு கிடைக்கிறது. டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை, இழுக்க இழுக்க நீளும்.

சரி, இனிமேல் இப்படிச் செய்யுங்கள். மெயினை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும் மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த சப்ளையில் வைத்துப் பாருங்கள், பிறகு கெப்பாசிட்டரில், மறுபடியும் அதே சப்ளையில். நடுவில் மீட்டர் செத்திருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும்! வோல்டேஜ் இருந்தால் 1 கிலோ ஓம் வயர்வவுண்டு (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் கட்டிய இன்சுலேட்டட் குச்சியால் வடியுங்கள், ஐந்தாறு விநாடி போதும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வீரம் இல்லை, கண் போய்விடும். வடித்த பிறகும் வேலை முடியும்வரை குச்சியை எடுக்காதீர்கள், கெப்பாசிட்டரில் வோல்டேஜ் கொஞ்சம் திரும்ப ஏறும்.

ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறவர்களே, தயவுசெய்து ஒவ்வொரு மேஜையிலும் அந்தக் குச்சி ஒன்றைத் தொங்கவிடுங்கள். கெப்பாசிட்டர் முனைகளை அக்ரிலிக் ஷீட்டால் மூடுங்கள். ராத்திரி தனியாக யாரையும் ஹை வோல்டேஜில் விடாதீர்கள். குச்சி செய்யத் தெரியவில்லை என்றால் கேளுங்கள், உங்கள் போர்டின் வோல்டேஜையும் கெப்பாசிட்டர் அளவையும் சொன்னால் எந்த ரெசிஸ்டர் போட வேண்டும் என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.